பரோலும் முன்விடுதலையும்: வன்முறையற்ற வழக்கில் தண்டனை பெற்றவரின் குடும்பத்துக்கு ஓர் எளிய விளக்கம்

திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒருவருக்குச் சில ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், கிளைச்சிறை வாசலில் தொடங்கும் குடும்பத்தின் அலைச்சல் பெரும்பாலும் திருச்சி அல்லது கடலூர் மத்தியச் சிறையில் போய் நிற்கிறது. விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டு, ஆதார் அட்டையுடன் வரிசையில் நின்று, மனுப் போட்டுச் சில நிமிடங்கள் முகம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "அடிதடி, கொலைன்னு எதுவும் இல்லையே, பணத் தகராறுதானே, பரோல்ல முன்னாடியே எடுத்துடலாம்." ஆறுதலுக்காகச் சொல்லப்படும் இந்த வார்த்தைக்குள் சட்டத்தின் பார்வையில் முற்றிலும் வேறுபட்ட மூன்று காரியங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் மனு எழுதுவதால்தான் பல மாதங்கள் வீணாகின்றன.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பரோல் வாரியம் என்ற அமைப்பு உண்டு. தண்டனையின் ஒரு பகுதியைக் கழித்த சிறைவாசியின் நடத்தையை அது ஆராய்ந்து, மீதிக் காலத்தைக் கண்காணிப்பின் கீழ் வெளியே கழிக்க அனுமதிக்கும். செய்திகளிலும் திரைப்படங்களிலும் நாம் கேள்விப்படும் பரோல் பெரும்பாலும் அதுதான். தமிழ்நாட்டில் பரோல் என்று மக்கள் சொல்வதோ விடுப்பைக் குறிக்கிறது. குறிப்பிட்ட நாட்களுக்கு வீட்டுக்குப் போய்விட்டு மீண்டும் சிறைக்குத் திரும்ப வேண்டும். தண்டனை முடிவதற்கு முன்பே திரும்பி வராதபடி வெளியே வருவதற்குப் பெயர் முன்விடுதலை. இவ்விரண்டுக்கும் இடையில், நன்னடத்தைக்கும் உழைப்புக்கும் ஈடாகச் சிறை நிர்வாகம் நாள் நாளாகக் குறைத்துக் கொடுக்கும் தண்டனைக் கழிவு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, மனுப் போகும் வழி வேறு.

விடுப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். இதை நிர்வகிப்பவை 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என இதில் இரண்டு வகை உண்டு. தாய், தந்தை, மனைவி, கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரின் மரணம், கடும் நோய், திருமணம் போன்ற தள்ளிப்போட முடியாத காரணங்களுக்கு அவசர விடுப்புக் கேட்கலாம். இறப்புச் செய்தி வந்தால் குடும்பத்தார் மரணத்துக்கான ஆதாரத்துடன் உடனே சிறைக் கண்காணிப்பாளரை அணுக வேண்டும். சூழ்நிலையைப் பொறுத்துக் காவலர் வழிக்காவலுடன் அனுப்புவதும் உண்டு.

சாதாரண விடுப்புக்கான காரணங்களின் பட்டியலை டெல்டாக்காரர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். குடும்பத்தின் பிழைப்புக்கு ஏற்பாடு செய்வது, பிள்ளைகளைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ப்பது, வீடு கட்டுவது அல்லது பழுது பார்ப்பது, திருமணம், பாகப்பிரிவினை போன்ற குடும்பத் தகராறுகளைத் தீர்ப்பது ஆகியவற்றோடு, விதைப்பு, அறுவடை முதலிய விவசாய வேலைகளும் அதில் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கின்றன. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவைக்கு ஆள் தேவைப்படும் குடும்பமும், தை மாதத்தில் சம்பா அறுவடைக்குப் பொறுப்பெடுக்க ஆண் துணை இல்லாத குடும்பமும் இந்தக் காரணத்தை எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. நான் பார்த்த மனுக்கள் பலவற்றில் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஒரே வரி மட்டும் இருந்தது. சிட்டா, அடங்கல் நகலோ, குத்தகைச் சீட்டோ, கிராம நிர்வாக அலுவலரின் சான்றோ இணைக்கப்படவில்லை. விதி இடம் கொடுக்கும் காரணத்தை, விதியின் சொற்களிலேயே, ஆதாரத்தோடு எழுதுவது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைச் சொல்லிச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் திறந்த பிறகு மனு எழுத உட்காராமல், பல வாரங்கள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். ஏனென்றால் நன்னடத்தை அலுவலரின் விசாரணையும் காவல்துறையின் கருத்தும் வந்து சேர்ந்த பிறகுதான் உத்தரவு பிறக்கும்.

விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று விதிகளே கூறுகின்றன. தண்டனையில் ஒரு குறிப்பிட்ட காலத்தை உள்ளே கழித்த பிறகே சாதாரண விடுப்புக்குத் தகுதி வரும். விதிகளின் பெயரே உணர்த்துவது போல, விடுப்பில் இருக்கும் நாட்களில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அந்த நாட்கள் தண்டனை அனுபவித்த நாட்களாகக் கணக்கில் சேரமாட்டா. பரோலில் வெளியே இருந்த காலத்தை உண்மையான சிறைக்காலமாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2023 ஜனவரியில் கோவா தொடர்பான வழக்கொன்றில் தெளிவுபடுத்தியது. எனவே 2 வாரம் விடுப்பில் வந்தால் விடுதலைத் தேதியும் 2 வாரம் தள்ளிப்போகும். திரும்ப வேண்டிய நாளில் மாலை தவறினால் அது தனிக் குற்றமாவதோடு, பின்னால் முன்விடுதலைக்குப் பரிசீலிக்கப்படும்போது கோப்பின் முதல் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி, பெரும்பாலான குடும்பங்கள் பார்க்கத் தவறும் கணக்கு.

மன்னார்குடி வட்டத்தில் ஒருவர் ஏலச்சீட்டு நடத்திப் பணத்தைத் திருப்பித் தராததால், பழைய தண்டனைச் சட்டத்தின் 406-ஆம் பிரிவில் 3 ஆண்டும் 420-ஆம் பிரிவில் 4 ஆண்டும் கடுங்காவல், 25,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் 6 மாதம் எனத் தண்டிக்கப்பட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பில் "ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்" என்ற சொற்கள் இருந்தால் அவருக்கு 4 ஆண்டு. ஒன்றன்பின் ஒன்றாக என்றால் 7 ஆண்டு. அதே சீட்டு தொடர்பாக வெவ்வேறு வழக்குகள் பதிவாகித் தனித்தனியே தண்டனை வந்திருந்தால், நீதிமன்றம் ஏக காலம் என்று உத்தரவிடாத வரையில், முதல் தண்டனை முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும் என்பது சட்டத்தின் பொது நிலை. பணம் சார்ந்த வழக்குகளில் இது அடிக்கடி நேர்வதால், மேல்முறையீட்டின்போதே இந்தக் கோரிக்கையை வைக்க மறந்துவிடக் கூடாது.

அடுத்தது, தீர்ப்புக்கு முன்பு விசாரணைச் சிறைவாசியாக இருந்த நாட்கள். அவர் 110 நாட்கள் அப்படி இருந்திருந்தால், அவை தண்டனையில் கழிக்கப்பட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 468-ஆம் பிரிவு, அதாவது பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு, இதற்கு வழி செய்கிறது. ஒரு கிளைச்சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவர்களுக்கும், நடுவில் ஜாமீனில் வந்து மீண்டும் உள்ளே போனவர்களுக்கும் இந்த நாட்களில் சில விடுபட்டுப் போக வாய்ப்புண்டு. ரிமாண்ட் செய்யப்பட்ட தேதியையும் ஜாமீனில் வெளிவந்த தேதியையும் குடும்பத்தார் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தண்டனை ஆணையில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு யாருடைய கருணையும் தேவையில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

அபராதமும் அப்படித்தான். கட்டாவிட்டால் அனுபவிக்க வேண்டிய 6 மாதம், 4 ஆண்டுகள் முடிந்த பிறகு தனியாகத் தொடங்கும். பணம் கட்டப்பட்ட நாளில் அது முடிந்துவிடும். ஒரு பகுதியைக் கட்டினால் அந்த விகிதத்துக்கு ஏற்ப நாட்கள் குறையும். அபராதம் கட்ட இயலாத ஏழைச் சிறைவாசிகளுக்காக ஒன்றிய அரசு 2023-இல் கொண்டுவந்த திட்டத்தின்படி, மாவட்ட அளவிலான குழு பரிசீலித்து 25,000 ரூபாய் வரை உதவ முடியும். முன்விடுதலைக்காக ஓராண்டு அலையும் ஒரு குடும்பம், இந்த 6 மாதத்தைத் தவிர்க்கும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை அறியாமலே இருப்பது மனத்தை வருத்துகிறது.

தண்டனைக் கழிவு 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தையும் அதன் கீழ் வந்த 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளையும் சார்ந்தது. ஒழுங்காக நடந்துகொள்வதற்கும், ஒதுக்கப்பட்ட வேலையை முடிப்பதற்கும் மாதந்தோறும் சில நாட்கள் சேரும், உச்சவரம்பும் உண்டு. சிறைக்குள் செல்பேசி பிடிபடுவது, சண்டை போடுவது போன்றவற்றால் சேர்த்த நாட்களை இழக்க நேரும். சேர்ந்திருக்கும் கழிவு எவ்வளவு என்பதைச் சிறைவாசியே நல அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவும் சரிபார்த்த பிறகே முன்விடுதலைக்கு வர வேண்டும். தண்டனையை முழுமையாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளிப்பது, மேலே சொன்ன பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 473-ஆம் பிரிவு. வழக்கறிஞர்கள் பழக்கத்தில் இன்னும் பழைய சட்டத்தின் எண்ணான 432 என்றே சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. 474-ஆம் பிரிவு தண்டனையை வேறொன்றாக மாற்றும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. அதன்படி 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள சிறைத்தண்டனையை 3 ஆண்டுக்குக் குறையாததாக மாற்றலாம். 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனையை அபராதமாகக்கூட மாற்றலாம். நடைமுறையில் இது அரிது என்றாலும், சட்டத்தில் இருக்கிறது. இவற்றுக்கு மேலாக, அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவின் கீழ் ஆளுநருக்கு உள்ள அதிகாரம் அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்படுத்தப்பட வேண்டியது என்பதை உச்ச நீதிமன்றம் 1980-இல் மாரூ ராம் வழக்கிலும் 2022 மே மாதம் பேரறிவாளன் வழக்கிலும் உறுதி செய்தது. "14 வருஷம் முடிந்தால்தான் மனுவே போட முடியும்" என்ற பேச்சு, மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றங்களுக்காக ஆயுள் தண்டனை பெற்றவர்களைப் பற்றியது. நமது சீட்டுக்காரருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். வன்முறை இல்லாத குற்றம் என்பது நம் சட்டத்தில் தனியான தகுதி அல்ல. அண்ணா பிறந்தநாள் போன்ற நாட்களையொட்டி அரசு வெளியிடும் முன்விடுதலை அறிவிப்புகள் பெரும்பாலும் நீண்டகாலச் சிறைவாசிகளை மனத்தில் வைத்தவை. 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 700 பேரும் ஆயுள் சிறைவாசிகளே. குறுகிய தண்டனை பெற்றவர்களுக்குப் பொருந்தியது, சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டையொட்டி 2022-இல் ஒன்றிய அரசு வகுத்த சிறப்புத் தள்ளுபடித் திட்டம். தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கை முடித்தவர்கள், பாதியை முடித்த 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களும் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும், அபராதம் கட்ட முடியாமல் மட்டும் உள்ளே இருந்த ஏழைகள் எனப் பலரும் அதில் சேர்க்கப்பட்டனர். அதுவும்கூட ஊழல் தடுப்புச் சட்டம், போதைப்பொருள் சட்டம், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டம் ஆகியவற்றில் தண்டிக்கப்பட்டவர்களை விலக்கியே வைத்தது. லஞ்ச வழக்கில் யார் மீதும் கைவைக்கவில்லைதான். ஆனால் சமூகத்தின் நம்பிக்கையைக் குலைக்கும் குற்றத்தை, அடி விழாத ஒரே காரணத்தால் அரசு இலேசாக எண்ணுவதில்லை.

கஞ்சா வழக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் வேதாரண்யம், கோடியக்கரை வரை நீளும் நமது கடற்கரையில் இந்த வழக்குகள் குறைவில்லாமல் வருகின்றன, அதில் சிக்குபவர்களோ பெரும்பாலும் கூலிக்கு மூட்டை தூக்கிய இளைஞர்கள். போதைப்பொருள் சட்டத்தின் 32-ஏ பிரிவு, சிறு விதிவிலக்கு தவிர, அந்தச் சட்டப்படி விதிக்கப்பட்ட தண்டனையைத் தள்ளுபடி செய்யவோ மாற்றவோ தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தாது என்கிற துளசிதாஸ் என்பவரின் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை இப்பிரிவு பறிக்க முடியாது என்றும், பரோலுக்கு இது தடையில்லை என்றும் கூறியது. தள்ளுபடிக்கான தடையை அது நீக்கவில்லை. அத்தகைய குடும்பம் முன்விடுதலை மனுவுக்குச் செலவழிக்கும் நேரத்தை மேல்முறையீட்டுக்குச் செலவிடுவதே நல்லது என்பது என் கருத்து. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் எவரும், எந்த வழக்காயினும், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 430-ஆம் பிரிவின்படி தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் வழங்குமாறு மேல்முறையீட்டு நீதிமன்றத்தையே கேட்கலாம்.

முன்விடுதலை மனுவை யார் கொடுப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. தண்டனை பெற்றவர் வயது வந்தவராக இருந்தால், மனு ஏற்கப்படுவதற்கு அவர் சிறையில் இருக்க வேண்டும். அவரே கொடுக்கும் மனு சிறைப் பொறுப்பு அதிகாரி வழியாகவே செல்ல வேண்டும். மனைவியோ தாயோ கொடுத்தால், அவர் இன்ன சிறையில் இருக்கிறார் என்ற உறுதிமொழி அதில் இருக்க வேண்டும். முதலமைச்சரின் குறைதீர் பிரிவுக்கும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கும் மனுக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் சிறை வழியாகச் சென்ற மனு ஒன்று இல்லாமல் அவற்றால் கோப்பு உருவாகாது. சிறை வழியாகச் சென்ற பிறகு, தண்டித்த நீதிமன்றத்தின் கருத்து, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, காவல்துறையின் கருத்து, சிறைக் கண்காணிப்பாளரின் குறிப்பு ஆகியவை சேர்க்கப்படுகின்றன. சிறை விதிகளில் அறிவுரைக் கழகம் என்றோர் ஏற்பாடும் உண்டு. அது தனக்கு உட்பட்ட வகையினரின் முன்விடுதலையைப் பரிசீலித்து அரசுக்குப் பரிந்துரைக்கிறது. முடிவெடுப்பது அரசே.

எதைப் பார்த்து முடிவெடுப்பார்கள்? உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் இலட்சுமண் நஸ்கர் வழக்கில் சொன்ன அளவுகோல்கள் இன்றும் வழிகாட்டுகின்றன: அந்தக் குற்றம் சமூகத்தைப் பரவலாகப் பாதிக்காத தனிச்செயலா, மீண்டும் நிகழ வாய்ப்புண்டா, குற்றம் செய்யும் ஆற்றலை அவர் இழந்துவிட்டாரா, மேலும் உள்ளே வைத்திருப்பதால் பயன் உண்டா, குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன. வன்முறை இல்லை என்பது இந்தக் கேள்விகளுக்கான பதிலில் வலுச் சேர்க்கும். தானே பதிலாகிவிடாது.

இந்தக் கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் ஊரில் கிடைக்கிறது. நன்னடத்தை அலுவலர் தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். நமது ஊர்களில் ஏமாற்றப்பட்டவரும் ஏமாற்றியவரும் ஒரே தெருவில், சில நேரம் ஒரே பங்காளி வகையறாவில் இருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்குக் கட்டிய சீட்டுப் பணத்தை இழந்த அம்மாள், "அவர் வெளியே வந்தால் எங்களுக்குப் பாதுகாப்பில்லை" என்று சொன்னாலோ, "பணத்தை அனுபவித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்" என்று சொன்னாலோ அறிக்கை பாதகமாகவே எழுதப்படும். அவர் அப்படிச் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே பணம் சார்ந்த வழக்கில் முன்விடுதலைக்கான முதல் வேலை, இயன்ற அளவு தொகையைத் திருப்பித் தருவதே. அது வங்கி வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ, இரசீதுடன் நடக்க வேண்டும். ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரும்படி பாதிக்கப்பட்டவரை நிர்ப்பந்திப்பதும், நாட்டாண்மைகளை விட்டுப் பேச வைப்பதும் முறையல்ல. மிரட்டல் புகார் ஒன்று வந்தால் மனு அதோடு முடிந்துவிடும்.

அத்துடன், வெளியே வந்தால் எங்கே தங்குவார், என்ன வேலை செய்வார், யார் பொறுப்பேற்பார் என்பவை காகிதத்தில் இருக்க வேண்டும். வேலை தர முன்வருபவரின் கடிதம், மருத்துவச் சான்றுகள், பிள்ளைகளின் படிப்புச் சான்றுகள், சிறைக்குள் கற்ற தொழிலுக்கோ படிப்புக்கோ பெற்ற சான்றிதழ் ஆகியவை போதும். பக்கம் பக்கமாகக் கண்ணீர் எழுதுவதைவிட இரண்டு பக்கத்தில் தேதிகளும் உண்மைகளும் எழுதப்பட்ட மனு அதிகாரிக்கு உதவியாக இருக்கும். செய்த குற்றத்தை மறைத்தும் மழுப்பியும் எழுத வேண்டாம். தீர்ப்பின் நகல் அதே கோப்பில் இருக்கும்.

நிராகரித்தால் என்ன செய்வது? விடுதலையை உரிமையாகக் கேட்க முடியாது. நியாயமான பரிசீலனையை உரிமையாகக் கேட்கலாம். 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் இதை மேலும் வலுப்படுத்தியது. முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்களில், தகுதி பெறும் சிறைவாசியின் பெயரை அவர் மனுச் செய்யாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும், முடிவுக்குச் சுருக்கமாகவேனும் காரணம் எழுத வேண்டும், அதைச் சிறைவாசிக்குத் தெரிவிக்க வேண்டும், நிராகரிப்பை எதிர்த்து முறையிட அவருக்குள்ள உரிமையையும் சொல்ல வேண்டும் என்று அது கூறியது. காரணம் இல்லாத நிராகரிப்பையும் பதிலே இல்லாத மௌனத்தையும் எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்யலாம். திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்கள் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூர் ஆகியவை சென்னையின் எல்லைக்குள் வருகின்றன. குடும்பம் திருவாரூரிலும் சிறை திருச்சியிலும் இருந்தால், எங்கே தாக்கல் செய்வது என்று முதலிலேயே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது ஒரு பயணத்தை மிச்சப்படுத்தும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது தீர்ப்பின் நகல், ரிமாண்ட் தேதிகள் எழுதிய தாள், அபராதம் கட்டிய இரசீது, இதற்குமுன் கொடுத்த மனுக்களின் நகலும் ஒப்புகையும் ஆகியவற்றை ஒரே உறையில் எடுத்துச் செல்ல வேண்டும். சிறைக்குள் இருப்பவர் மனுக் கொடுத்த தேதியை அடுத்த முறை பார்க்கப் போகும்போது கேட்டு, அந்த உறையின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்தை எதிர்த்து நீதிமன்றம் போனால் முதலில் கேட்கப்படுவது அந்தத் தேதிதான்.